ஓட்டை போடாத பைகள்

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். வருகிற சனிக்கிழமை ஏறப்போகும் விமானத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். கம்பளிச் சட்டை வாங்கினாயா, அங்கே குளிர் நம்ம மலைக் குளிரைவிட மோசமாமே என்று போன வாரம் வரைக்கும் உன்னை நச்சரித்தவள் நான்தான். இன்றைக்கு அதையெல்லாம் கேட்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தை நான் மடித்து ஒட்டவில்லை. கடைசி வீட்டுப் பிள்ளை இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பும். ஒரு பிரதி நம் தோட்டத்துச் சங்கத் தலைவருக்குப் போகிறது, இன்னொன்று தோட்டத்தை நடத்துகிற தொரைக்கு. உன் பேராசிரியர் கண்ணில் பட்டாலும் எனக்குச் சம்மதம்தான். மூடி மறைத்து எழுதியதால் வந்த வினை போதும்.

சரோஜாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எந்தச் சரோஜா என்று கேட்டுவிடாதே. இந்த லயத்து வரிசை வீடுகளில் நமக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். புருசன் போன பிறகு தனியாளாக மகளை வளர்த்து, என்னோடு நாற்றுமேடையில் தேயிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். நேற்றுத் திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில், எல்லாருடைய பேரையும் கூப்பிட்டுவிட்டு வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா கடைசியாக அவளைப் பார்த்தார். "சரோஜா, ஒனக்கு இன்னிக்கு வேலை இல்ல. அளவுக்கு மேல தண்ணி ஊத்தி ரெண்டு பாத்திக் கன்ன அழுக வச்சிருக்க. ரிப்போர்ட் வந்திருச்சு. வியாழக்கெழம ஆபீசுல விசாரண." அவள், "நான் எப்பயும் போலத்தாங்க ஊத்துனேன். யாருங்க ரிப்போர்ட் எழுதுனது?" என்று கேட்டாள். "ஒங்க லயத்துப் பையன்தான். கெம்பஸ்ல வேரப் பத்திப் படிக்கிறாரே, அவரு." அங்கே நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சரோஜாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "தம்பி சொன்னா சரியாத்தாங்க இருக்கும். எனக்கே தெரியாமக் கூடுதலா ஊத்திட்டேன் போல."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. இருபத்திரண்டு வருசமாகத் தண்ணீர் ஊற்றுகிறவள், தன் கையை நம்பாமல் உன் எழுத்தை நம்பினாள். ஏன் நம்பினாள்? இந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகப் படிப்புக்குக் கெம்பசுக்குப் போன முதல் பிள்ளை நீ. உன் படிப்பு முடிகிற வரைக்கும் உனக்காக வேண்டிக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நடந்தது என்ன என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாதவர்கள் இதை வாசிக்கப்போவதால் முழுதாக எழுதுகிறேன். நாற்றுமேடையில் நான்தான் கங்காணி. ஒற்றை இலையோடு வெட்டிய தேயிலைத் துண்டுகளை, மண் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் நட்டு வேர்விட வைப்பது எங்கள் வேலை. முன்பெல்லாம் பைகள் அடியில் ஓட்டையோடுதான் வரும். இந்தத் தடவை வந்த கட்டுகளில் ஓட்டை இல்லை. இருபது பையை ஒன்றாக அடுக்கி, சாக்கு ஊசியால் அடியில் நாலு குத்துக் குத்திவிட்டுத்தான் மண் நிரப்ப வேண்டும். மூன்று நாள் அப்படித்தான் செய்தோம். பிறகு ஒரு ஆள் ஒரு நாளில் நிரப்ப வேண்டிய பைகளைக் கூட்டிவிட்டார்கள். நிரப்பாவிட்டால் அரைப்பேர்தான் விழும், அரைநாள் சம்பளம்தான் வரும். பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், இந்த வாயால்தான் சொன்னேன்: "ஓட்ட போடுறத அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல நெரப்பி அடுக்குங்க. நட்டு முடிச்சிட்டு பக்கவாட்டுல குத்திக்கலாம்." நட்டு முடித்தோம். மூங்கில் வளைவு வைத்து பிளாஸ்டிக் போர்த்தி மூடினோம். அந்த 'அப்பறம்' வரவேயில்லை. நான் மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஞாபகம் வந்தது, போர்வையைப் பிரித்தால் கன்று வாடுமே என்று தள்ளிப்போட்டேன்.

போர்வையைத் திறந்து, சரோஜா வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் அந்த இரண்டு பாத்தியும் மஞ்சளடித்தது. தொரை பதறிப்போனார். நீதான் உன் ஆராய்ச்சிக்காக நம் நாற்றுமேடையில் வேர் எடுத்துக்கொண்டிருந்தாயே, "தோட்டத்துப் பிள்ளை நீங்க, பாத்துச் சொல்லுங்க" என்று உன்னிடமே கேட்டார். நீ வந்தாய். செத்த பாத்தியில் ஒரு கன்று, பக்கத்தில் பழைய பைகளில் நன்றாக நின்ற மூன்றாவது பாத்தியில் ஒரு கன்று, இரண்டையும் பையோடு எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாய். என் அடுப்படியில் வைத்து வேரைக் கழுவி, நுனிகளை நறுக்கி, நீ கொண்டுவந்த மருந்துப் பொடியைக் கரைத்து இரண்டு கிளாசில் ஊறப்போட்டு அலுமாரிக்குள் வைத்தாய். தண்ணீர் மாதிரி நிறமில்லாத மருந்து. மத்தியானம் சாப்பிட்டு எழுந்து பார்த்தால் ஒரு கிளாசில் வேர் நுனியெல்லாம் குங்குமமாகச் சிவந்து கிடக்கிறது. செத்த பாத்திக் கன்றின் கிளாசில் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எனக்கு உன்னை நினைத்து அவ்வளவு பெருமை.

அன்றைக்கு நீ எவ்வளவு அழகாக விளக்கினாய்! "அம்மா, இந்த நுனிக்குக் கொஞ்சம் பின்னால, அரிசி நொய் அளவு எடந்தான். அங்கதான் கலம், அதான் செல்லு, ஒண்ணு ரெண்டாகுது, ரெண்டு நாலாகுது. வேரு நீளுறதே அந்த எடத்தாலதான். ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் இழைமணின்னு பொடிப்பொடியா நெறைய இருக்கு. இங்கிலீசுல மைட்டோகாண்ட்ரியாம்பாங்க. எலை அனுப்புற சீனிய அதுதான் காத்துல உள்ள ஒட்சிசன் வச்சு எரிச்சு, கலம் பிரியிறதுக்குச் சத்துக் குடுக்குது. கலம் பிரியப்போறப்ப அதுங்களும் பெருகி, ரெண்டு பக்கத்துக்கும் பங்காப் போகும். மூச்சு விடுற எடந்தான் இந்த மருந்துல செவக்கும்." காற்று கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். நம் அடுப்பைக் காட்டினாய். "வெறகு இருக்கு, காத்து இல்லேன்னா எரியுமா? அதே கததான். கொஞ்ச நேரம் சீனியப் புளிக்க வச்சு ஒப்பேத்தும். அது பத்தாது. கலம் பிரியிறது நின்னுரும். எது கூடுதலா வேல செய்யுதோ அதுதாம்மா மொதல்ல மூச்சு முட்டிச் சாகும். நுனி செத்தா வேரு நின்னு போச்சு."

அதுவரைக்கும் வேர் அழுகினால் பூச்சி, பூஞ்சை என்றுதான் நினைத்திருந்தேன். வேருக்குள் இப்படி ஒரு மூச்சு இருக்கிறது, அது நின்றால் நுனியில் எல்லா வேலையும் நிற்கிறது என்று எனக்குச் சொன்னது நீ. சொல்லிக்கொண்டே அந்தச் செத்த பையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினாய். அடியில் ஓட்டை இல்லை. சேற்றுத் தண்ணீர் உன் மணிக்கட்டில் வழிந்தது. நீ பையைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "யாரும்மா இத இப்படி விட்டது?" என்று நீ கேட்கவில்லை. நான்தான் என்று நானும் சொல்லவில்லை. "டீ ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். "ஊத்துங்க" என்றாய். அந்த டீயைக் குடித்த வாயோடு, இவள் என் அம்மா என்ற நினைப்பையும் கழுவிவிட்டுத்தான் நீ பேனாவைத் தொட்டிருக்க வேண்டும்.

நீ எழுதுவாய் என்றுதான் இருந்தேன். பைகளில் வடிகால் இல்லை, அதனால் காற்றுப் புகவில்லை, வேர் நுனி செத்தது என்று நாலு வரி. என் பேர்கூட வேண்டியதில்லை, கேட்கும்போது நானே சொல்லிக்கொள்வேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். நீ என்ன எழுதினாய் என்று நான் கேட்கவும் இல்லை. அது என் கோழைத்தனம். நீயோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாய். 'அளவுக்கு மிஞ்சிய நீர்' என்று எழுதினாயாமே! அடப்பாவி, எவ்வளவு சாமர்த்தியம்! ஓட்டை இல்லாவிட்டாலும் வேருக்கு மூச்சு முட்டும், தண்ணீர் கூடினாலும் மூச்சு முட்டும். நுணுக்குக்காட்டிக்கு, அந்த மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் என்று நீயேதான் சொன்னாய். அறிக்கையோடு நீ வைத்த படத்தில் ஒரு புள்ளிகூடப் பொய் இல்லை. ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினாய். அந்த வரி நேராகப் போய்த் தண்ணீர் வாளி தூக்கியவள் தலையில் விழும் என்று தெரியாத பிள்ளையா நீ? நாற்றுமேடையில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று உனக்குத் தெரியாதா? வேருக்குள் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் பார்க்கத் தெரிந்த உனக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளைப் பார்க்கத் தெரியவில்லை.

எனக்காகத்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் உன்னிடம் கேட்டேனா? என்னைக் காப்பாற்று, அவளைக் கொடு என்று எப்போதாவது சொன்னேனா? சொல்லவில்லை என்று எழுதிவிட்டு இங்கே நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் பேனா நகர மாட்டேன் என்கிறது. உனக்கு ஒன்பது வயசில், லயத்துக்கே தண்ணீர் வருகிற பீலிக் குழாயைக் கல்லால் அடித்து உடைத்தாய். ஒரு வாரம் நாம் எல்லாரும் ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் தூக்கினோம். சரோஜா மகள்தான் உடைத்தாள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளை அழுதழுது இல்லை இல்லை என்றது. சரோஜா அதைப் போட்டு அடித்தாள். நீ என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாய். நான் உன் வாயைப் பொத்தினேன். "சத்தம் போடாத. ரெண்டு நாள்ல மறந்துருவாங்க" என்றேன். அவர்கள் மறந்தார்கள். நீ மறக்கவில்லை போலிருக்கிறது. இழைமணியெல்லாம் அம்மா வழியாகத்தான் பிள்ளைக்கு வரும் என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாயே, இதுவும் என் வழியாகத்தான் வந்தது. உன்னைத் திட்டுகிற ஒவ்வொரு வார்த்தையும் எனக்கும் சேர்த்துத்தான். அதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அம்மா பொறுப்பு. இருபத்தொன்பது வயசு ஆம்பிளைக்கு நான் பொறுப்பாக முடியாது.

பெரட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தபோதும் என் வாய் திறக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரத்தில்தான் தைரியம் வந்து, ஆபீசுக்குப் போய்த் தொரை முன்னால் நின்றேன். "ஐயா, தண்ணியால இல்லீங்க. பையில ஓட்ட போடல. போட வேணாம்னு சொன்னது நான்தாங்க" என்றேன். அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சரோஜாவும் நீங்களும் கூடப்பொறந்தவங்க மாதிரின்னு எனக்குத் தெரியாதா? நல்ல மனசுதான். ஆனா ஒங்க மகன் நுணுக்குக்காட்டியில பாத்து எழுதியிருக்காரும்மா. அவரவிட ஒங்களுக்குக் கூடத் தெரியுமா?" என்றார். மூன்றாவது பாத்திக்கும் அவளேதானே ஊற்றினாள், அது மட்டும் எப்படிப் பச்சையாக நிற்கிறது என்று கேட்டேன். அதுக்குக் குறைய ஊற்றியிருப்பாள் என்றார். பையைக் காட்டலாமென்றால், செத்த கன்றுகளோடு பைகளையும் கிழித்து எறிந்தாகிவிட்டது. மிச்சமிருப்பது நீ ஆய்வுகூடத்துக்கு எடுத்துப்போன மூன்று பைகள்தான். என் வாயால் நான் சொன்ன உண்மையை, நான் படிக்கவைத்த பிள்ளையின் கையெழுத்தே பொய்யாக்கிவிட்டது. எந்தத் தாய்க்கும் இப்படியொரு கேவலம் வரக்கூடாது.

ஆபீசிலிருந்து நேராகச் சரோஜா வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே ஓடி ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து நீட்டினாள். "மாரியம்மன் கோயில் துன்னூறு, அக்கா. தம்பி பெரயாணம் போறப்ப சட்டப் பையில வச்சுக்கச் சொல்லுங்க" என்றாள். வேலை போய் ஒரு பகல்கூட முடியவில்லை, அவள் உனக்கு விபூதி வாங்கிவந்திருக்கிறாள்! நான் அதை வாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பை, ஊசி, நீ திருப்பிப் பார்த்தது, நான் டீ ஊற்றியது, அந்தக் காலத்துக் குழாய் வரைக்கும் சொல்லிவிட்டேன். கீரையை அப்படியே கீழே வைத்துவிட்டாள். என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் தேவலாம் என்றிருந்தது. கடைசியில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, இப்ப வேணாம். தம்பி போய்ச் சேரட்டும். இப்பச் சொன்னா அவரு போற காரியம் கெட்டுப் போயிரும். நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்கிறேன்."

எப்படிச் சமாளிப்பாள்? லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை போனால் வீட்டையும் கேட்பார்கள். முழங்கால் வலியோடு இனி எந்தத் தோட்டத்தில் அவளுக்குப் புதிதாகப் பேர் பதிவார்கள்? இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னாள். அந்த நிமிசம் உன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இதுவரை யார்மேலும் எனக்கு வந்ததில்லை. அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள், அப்பாடா என்று நீ மூச்சு விட்டாய் என்றால், மகனே, இன்றோடு நமக்குள் ஒன்றுமில்லை. அவள் கொடுத்தாலும் அது எடுத்துக்கொள்ளக் கூடியதில்லை. நான் அவளிடமே சொல்லிவிட்டேன், "ஒன் நல்ல மனச எங்க தலையில சுமத்தாத சரோஜா, என்னால தூக்க முடியாது" என்று.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பொய் அறிக்கை எழுதியவன் என்று உன் பேராசிரியருக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ, வெளிநாட்டில் இடம் கொடுத்தவர்கள் என்ன சொல்வார்களோ. எனக்குத் தெரியாது. ஒருவேளை எல்லாம் போகலாம். அப்படிப் போனால் உன்னைவிட அதிகமாக அழப்போகிறவள் நான்தான். கொழுந்துக் கூடையைத் தலையில் சுமந்து உன்னைப் படிக்கவைத்தவள் நான். அது வீணாகிவிட்டதே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவேன். அழுதுவிட்டு மறுநாள் காலை வேலைக்குப் போவேன். ஆனால் நீ இப்படியே பறந்து போய், பெரிய ஆளாகி, வேர் நுனியின் மூச்சைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசுகிறபோது, ஒருத்தியின் மூச்சை நிறுத்திவிட்டு வந்தோம் என்று உனக்கு நினைப்பு வராது என்றா நினைக்கிறாய்? வரும். எனக்கு இருபது வருசமாக அந்தக் குழாய் நினைப்பு வருகிறது. அந்தப் பிள்ளையை அவள் அடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நாளை மறுநாள், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணை. நீ இருக்கிற கண்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் வந்துவிடலாம். அந்த மூன்று பைகளையும் எடுத்துக்கொண்டு வா. கழுவாதே, மண்ணோடு கொண்டுவா. நீ எழுதியதை நீயே திருத்தி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடு. யார் சொல்லி ஓட்டை போடவில்லை என்று கேட்பார்கள். என் பேரைச் சொல். நிரப்ப வேண்டிய பையைக் கூட்டியது யார் என்று நான் கேட்பேன், அது என் வேலை. எனக்கு என்ன தண்டனை தந்தாலும் நான் பார்த்துக்கொள்வேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் அங்கே போய்ச் சொன்னதையே திரும்பச் சொல்வேன், நீ வராவிட்டால் அவர்கள் மறுபடியும் சிரிப்பார்கள்.

வந்தால் என் பக்கத்தில் வந்து நிற்காதே. சரோஜா பக்கத்தில் போய் நில்.

உன்னைப் பெற்றவள்